மறு: முட்டிக்கால் அறுவைக்கு ஒரு சொல் வேண்டும்

> "வழிகாட்டப்பட்ட வளர்ச்சி" என்று வைக்கலாம். சுருக்கமாக வேண்டுமென்றால் "வளர்தடை".

ஐயா, முழங்கால் முட்டும் பிள்ளைகளுக்குச் செய்யும் 'guided growth' அறுவைக்கு நீங்கள் தந்த இந்த இரண்டு சொற்களிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. முதல் சொல்லைக் கேட்டால் பள்ளிக்கூடத் திட்டம் மாதிரி இருக்கிறது, காலில் என்ன செய்கிறார்கள் என்று எந்தத் தாய்க்கும் புரியாது. இரண்டாவதில் இலக்கணமே இடிக்கிறது: வளர்பிறை போல அதுவும் வினைத்தொகை, 'வளர்கிற தடை' என்று பொருள் வந்துவிடும். 'வளர்தட்டு' சரி, எலும்பு முனைக்கருகே இருக்கும் அந்தக் குருத்தெலும்புத் தட்டு வளர்வதால்தான் எலும்பு நீள்கிறது.

நான் இயன்முறை மருத்துவத்தில் இருக்கிறேன். பெற்றோருக்கு ஒரு துண்டறிக்கை எழுதும்போதுதான் இந்தச் சிக்கல் வந்தது. வரைவில் 'வளர்ச்சித் தடை அறுவை' என்று போட்டிருந்தேன், படித்துப் பார்த்த ஒரு அம்மா "அப்ப பிள்ளை குள்ளமாயிடுவானா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

நடப்பது இதுதான். மூன்று நான்கு வயதில் முழங்கால் முட்டுவது இயல்பு, ஏழு வயதுக்குள் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். அதற்கப்புறமும் முட்டிகள் ஒட்டி நிற்க, கணுக்கால்களுக்கு நடுவே 8 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் காரணம் தேட வேண்டும்: கணை நோயாக (ரிக்கெட்ஸ்) இருக்கலாம், தண்ணீரில் மிகுந்த ஃபுளோரைடாக இருக்கலாம் (தெலங்கானாவின் நல்கொண்டா வட்டாரப் பிள்ளைகளின் கால்களைப் பற்றி 1970களிலேயே எழுதியிருக்கிறார்கள்). அறுவை தேவைப்பட்டால், தொடையெலும்பின் கீழ்முனையில் உட்பக்க வளர்தட்டின் குறுக்கே ஒரு சிறு தகட்டை இரண்டு திருகுகளால் பொருத்துகிறார்கள். வண்டியைத் திருப்ப ஒரு பக்க மாட்டை இழுத்துப் பிடித்து மறு பக்க மாட்டை ஓட்டுவோமே, அதேதான். உட்பக்கம் பிடிபட்டு நிற்க, வெளிப்பக்கம் வளர்ந்து, பெரும்பாலும் ஓராண்டு ஒன்றரை ஆண்டில் கால் நேராகிறது, அப்புறம் தகட்டை எடுத்தால் அந்தப் பக்கமும் மறுபடி வளரத் தொடங்கும்.

ஆகவே சொல்லில் 'பிடித்தல்' வர வேண்டும் என்பது என் கட்சி, ஏனென்றால் பிடித்ததை விடலாம். என் முன்மொழிவு ஒருபுற வளர்ச்சிப்பிடி. 'பிடிப்பு' வேண்டாம், கழுத்துப் பிடிப்பு, இடுப்புப் பிடிப்பு என்று அது ஏற்கெனவே வலிக்குப் போய்விட்டது. "பிடி போட்டிருக்கிறோம், அடுத்த வருடம் எடுத்துவிடுவோம்" என்று மருத்துவரும் இயல்பாகச் சொல்லலாம்.

இந்த அறுவையையும் 1933இல் அறுவை மருத்துவர் ஃபெமிஸ்டர் எழுதிய முறையையும் ஒரே சொல்லால் குறிக்கக் கூடாது. அது வளர்தட்டை நிரந்தரமாக மூடுவது, அதற்கு 'வளர்தட்டு மூடல்' என்றே வைக்கலாம். 1949இல் பிளவுன்ட் பயன்படுத்திய கவ்வூசிகளும் (staples) 2007இல் ஸ்டீவன்ஸ் எழுதிய எட்டு வடிவத் தகடும் நம் 'பிடி'யில் அடங்கும். வளர்ச்சி முடிந்த பதின்வயதுப் பிள்ளைகளுக்குப் பிடி போட்டுப் பயனில்லை, எலும்பை வெட்டித்தான் நிமிர்த்த வேண்டும். அதற்கு 'என்புவெட்டு' போதும் என்று போன மடலில் நம் குழுவின் அம்மா ஒருவர் எழுதியதை அப்படியே ஏற்கிறேன்.

ஒன்று மட்டும் மிச்சம். தகட்டை எடுத்த பிறகு, வளர்ச்சி பாக்கி இருக்கும் சில பிள்ளைகளுக்குக் கால் மறுபடி உள்நோக்கிச் சாய்கிறது. 'மறுகோணல்' என்று எழுதியிருக்கிறேன், ஆனால் ஒரு குழந்தையின் காலைக் கோணல் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. 'மறுசாய்வு' சரிவருமா?