கலைச்சொல் உதவி: விழுங்கலில் ஒரு நேர அளவை (வெள்ளிக்குள் வேண்டும்)

மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். ஓர் ஆய்வுக்கான ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நலமாக இருப்பவர்கள் எப்படி விழுங்குகிறார்கள், எதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று எக்ஸ்ரே வீடியோவில் அளக்கப் போகிறார்கள். நெறிமுறைக் குழுவிடம் வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும்.

வாய்க் கட்டம், தொண்டைக் கட்டம், உணவுக்குழல் கட்டம் என்பதுவரை ஓடிவிட்டது. மாட்டிக்கொண்டது ‘ஸ்டேஜ் ட்ரான்சிஷன் ட்யூரேஷன்’ என்ற இடத்தில். வாயில் இருந்தது தொண்டைப் பக்கம் இறங்கியதற்கும் தொண்டை தன் வேலையைத் தொடங்கியதற்கும் இடைப்பட்ட நேரம். இப்போதைக்கு ‘விழுங்கு தாமதம்’ என்று போட்டிருக்கிறேன், மனசு ஒப்பவில்லை. ‘கட்ட மாற்றக் கால அளவு’ என்றால் வாடகை வீடு மாறுவதுபோல் இருக்கிறது. யாராவது கைகொடுங்கள்.

புலவர் ஐயா:

தம்பி, மனசு ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது. ‘தாமதம்’ தமிழன்று. முக்குணத்தில் மூன்றாவதான தாமச குணத்தின் வழி வந்தது. சோம்பலுக்குச் சொன்ன சொல்லை நேரக் கணக்குக்கு ஏன் இழுக்க வேண்டும்? ‘சுணக்கம்’ இருக்கிறது, ‘தாழ்ப்பு’ இருக்கிறது.

இன்னொன்று. ‘விழுங்கு’ என்பதன் வேர் ‘விழு’ என்பது என் கருத்து. மேலிருந்து கீழே விழுவதால் விழுங்கல். மலையாளத்தில் விழுங்ஙு, தெலுங்கில் மிரிங்கு, கன்னடத்தில் நுங்கு. நம் அகராதியிலும் ‘நுங்குதல்’ என்றால் விழுங்குதல்தான், இன்று கேட்டால் அந்த வினை யாருக்கும் நினைவுக்கு வராது. ‘நுங்கு சுணக்கம்’ என்றால் சுருக்கமும் ஆயிற்று, பழஞ்சொல்லுக்கு உயிர் கொடுத்ததும் ஆயிற்று.

ஸ்பீச் தெரபிஸ்ட் அக்கா:

ஐயா, வேரைப் பற்றி நான் வாதாட வரவில்லை. ஆனால் விழுங்குவது விழுவது இல்லை. தலைகீழாக நின்றுகொண்டும் விழுங்கலாம். நாக்கு தள்ளும், தொண்டைத் தசைகள் பிழியும், உணவுக்குழல் அலைபோல் சுருங்கி, இரைப்பை மேலே இருந்தாலும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

நான் தினம் உட்கார்ந்து செய்யும் வேலையைச் சொல்கிறேன், அப்புறம் சொல் தேடுங்கள். எக்ஸ்ரேயில் தெரிவதற்காகப் பேரியம் கலந்த நீர் 5 மில்லிலிட்டர் கொடுப்போம். பக்கவாட்டில் படம் ஓடும், நொடிக்கு 30 சட்டகம் (ஃப்ரேம்). நான் அதை நிறுத்தி, ஒவ்வொரு சட்டகமாக அம்புக்குறிப் பொத்தானைத் தட்டித் தட்டிப் போவேன். கறுப்பாக ஒரு நாக்கு நுனிபோல பேரியம் பின்னால் வழியும். கீழ்த்தாடை எலும்பின் நிழலை அதன் முன்முனை தாண்டும் சட்டகத்தைக் குறித்துக்கொள்வேன். பிறகு நாவடி எலும்பைப் பார்ப்பேன். உடம்பில் வேறு எந்த எலும்போடும் மூட்டுப் போடாமல் தசைகளில் தொங்கும் எலும்பு அது. சும்மா ஆடிக்கொண்டே இருக்கும். திடீரென்று ஒரு சட்டகத்தில் மேலும் முன்னுமாக எகிறும். அதுதான் தொடக்கம். முதல் எண் 212, இரண்டாவது 218 என்றால் வித்தியாசம் 6 சட்டகம், 0.2 நொடி.

இப்போது சிக்கல். சிலரிடம் இரண்டாவது எண் 209 வரும். பேரியம் தாடையைத் தாண்டும் முன்பே எலும்பு எகிறிவிட்டது. அளவு கழித்தல் 0.1. அவர்களும் நலமானவர்கள்தான். கழித்தல் தாமதம் என்று படிவத்தில் எப்படி எழுதுவீர்கள்?

இன்னும் ஒன்று. வயதாக ஆக இந்த நேரம் நீளும், நோய் இல்லாமலே. நலமாக இருக்கும் ஒரு பெரியவர் கையில் ‘உங்கள் விழுங்கு தாமதம்’ என்று தாளைக் கொடுத்தால் அன்றிரவு அவர் தூங்க மாட்டார்.

இயற்பியல் வாத்தியார்:

அக்கா சொன்னதில் சொல்லுக்கான விதி இருக்கிறது. கூட்டலும் கழித்தலும் ஏற்கும் சொல் வேண்டும். தாமதம், சுணக்கம், தாழ்ப்பு மூன்றும் ஒரு பக்கம் மட்டும் பார்ப்பவை. ‘இடைவெளி’ என்றால் குறியே இல்லை, வெறும் தூரம். படிவத்திலேயே எதிலிருந்து எதைக் கழிக்கிறோம் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், இல்லையென்றால் நாளை இரண்டு ஆய்வாளர்கள் எதிரெதிர்க் குறியில் எழுதி ஒரே முடிவுக்கு வருவார்கள்.

கூடவே ஒரு எச்சரிக்கை. 30 சட்டகத்தில் ஒரு சட்டகம் 33 மில்லிநொடி. 15 சட்டகத்தில் படமெடுத்தால் 67. அக்கா சொன்ன 0.1 நொடி அங்கே ஒன்றரைச் சட்டகம்தான், கண் சிமிட்டினால் குறி மாறிவிடும்.

புலவர் ஐயா:

கண் சிமிட்டல் என்றதும் நினைவு வந்தது. ‘இயல்பெழு மாந்தர் இமைநொடி மாத்திரை’ என்கிறது நன்னூல். இயல்பான மனிதர், இமைப்பு, நொடி, அளவு! உங்கள் ஆய்வின் தலைப்பே அதில் இருக்கிறது. கைநொடிப்பதையும் உரையாசிரியர்கள் கட்டம் கட்டமாகப் பிரித்தார்கள்: உன்னல் கால், ஊன்றல் அரை, முறுக்கல் முக்கால், விடுத்தல் ஒன்று. நினைக்கும் நேரத்துக்கும் கணக்கு வைத்த மரபு. ஆகவே ‘விழுங்கு மாத்திரை’.

மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, மன்னிக்கணும். ‘உங்கள் விழுங்கு மாத்திரை அளக்கப்படும்’ என்று எழுதினால் காலையிலா இரவிலா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்பார்கள்.

ஸ்பீச் தெரபிஸ்ட் அக்கா:

சிரித்துப் புரையேறிவிட்டது. பாருங்கள், ‘புரையேறுதல்’. உணவோ நீரோ மூச்சுவழிக்குள் தப்பிப் போவதற்கு யாரும் குழு வைத்துச் சொல் ஆக்கவில்லை.

புலவர் ஐயா:

புரை என்றால் துளை, குழல். ‘புரைதீர்ந்த நன்மை’ என்னும் குறளில் குற்றம் என்ற பொருள். துளைதான் குற்றமாயிற்று என்பது என் கருத்து. இதைத் தனி இழையில் எழுதுகிறேன்.

‘விழுங்கு காலம்’ என்று வைத்துக்கொண்டாலும் எனக்கு மறுப்பில்லை. வினைத்தொகை, ஆகவே வலி மிகாது. ‘விழுங்குக்காலம்’ என்று எழுதிவிடாதீர்கள்.

இயற்பியல் வாத்தியார்:

வினைத்தொகை என்பதுதான் ஆபத்து. விழுங்குகிற காலம் என்று விரித்தால், விழுங்குவது யார்? எல்லாரையும் விழுங்குவது காலம்தான். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது காலனை நினைவுபடுத்த வேண்டாம்.

குழுவில் பழையவர்:

ஸ்டேஜ் ட்ரான்சிஷன் ட்யூரேஷனைச் சுருக்கி எஸ்.டி.டி. என்று தமிழ் எழுத்தில் போட்டு, அடியில் ஒரு வரி விளக்கம் எழுதிவிட்டு வேலையைப் பாருங்கள். படிவம் படிப்பவருக்குச் சொல் வேண்டாம், என்ன செய்யப் போகிறார்கள் என்பதுதான் வேண்டும்.

ஸ்பீச் தெரபிஸ்ட் அக்கா:

படிவத்துக்கு அது போதும். ஆனால் வகுப்பில் நான் மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும், அவர்கள் நோயாளியிடம் பேச வேண்டும். எழுத்துச் சுருக்கத்தை வைத்து யாரிடம் பேசுவது?

அப்புறம் இலக்கணக்காரர்களுக்கு ஒரு கேள்வி. நாங்கள் நீரை வாயில் வைத்துக்கொள்ளச் சொல்லி, பிறகு ‘விழுங்குங்க’ என்று குரல் கொடுத்தால் ஒரு அளவு வரும். சொல்லாமல் விட்டு அவர்களாக விழுங்கினால் வேறு அளவு வரும். கட்டளைக்குக் காத்திருக்கும்போது நாக்கு பேரியத்தை முன்னால் பிடித்து வைத்திருக்கிறது, தொண்டையும் தயாராக நிற்கிறது, அதனால் நேரம் குறைகிறது. அப்படியானால் கட்டளைச் சொல்லின் நீளமும் ஒரு பொருட்டா?

புலவர் ஐயா:

அருமையான கேள்வி அம்மா. ‘விழுங்கு’ என்றால் வி ஒன்று, ழு ஒன்று, ங் அரை, ஈற்றுக் கு மென்தொடர்க் குற்றியலுகரம் என்பதால் அரை. மொத்தம் மூன்று மாத்திரை. ‘விழுங்குங்க’ என்றால் கு நடுவில் வந்து முழு மாத்திரை பெறும், மொத்தம் ஐந்து. ‘விழுங்குங்கள்’ ஐந்தரை. மரியாதைக்கு இரண்டு மாத்திரை கூடுதல் செலவு.

ஸ்பீச் தெரபிஸ்ட் அக்கா:

என் பாட்டி வயதுக்காரரிடம் மூன்று மாத்திரையில் பேசினால் விழுங்க மாட்டார், எழுந்து போய்விடுவார். ஐந்தே இருக்கட்டும். எல்லாருக்கும் ஒரே சொல், ஒரே தொனி என்று அளக்கும் முறைக்கான குறிப்பில் எழுதிவிடுகிறேன். இது நிஜமாகவே உதவியது.

மொழிபெயர்ப்பாளர்:

அக்கா, இடையில் ஒரு சின்னச் சந்தேகம். வாயில் இருக்கும் அந்த ஒரு வாய் நீருக்கு ‘கவளம்’ என்று எழுதியிருக்கிறேன். சரியா?

புலவர் ஐயா:

‘காய்நெல் அறுத்துக் கவளம் கொளினே’. புறநானூற்றில் பிசிராந்தையார். கவளம் யானைக்கு. ஐந்து மில்லிலிட்டருக்குக் கவளமா? நீர்ப்பொருளுக்கு மிடறு. ‘இரண்டு மிடறு தண்ணீர் குடி’ என்கிறோமே.

இயற்பியல் வாத்தியார்:

மிடறு என்றால் தொண்டையும்தானே ஐயா? ‘தலையினும் மிடற்றினும் நெஞ்சினும்’ என்று தொல்காப்பியம் சொல்வது தொண்டையை. ‘மிடறு மிடற்றைத் தாண்டும் நேரம்’ என்று எழுதினால் எந்த மிடறு எந்த மிடற்றைத் தாண்டியது? சிவனுக்கு மட்டும் குழப்பமில்லை. கறைமிடற்று அண்ணலிடம் நஞ்சு மிடற்றைத் தாண்டவே இல்லை, அவர் அளவு முடிவிலி.

ஸ்பீச் தெரபிஸ்ட் அக்கா:

‘மடக்கு’ என்று போடுங்கள். ‘ஒரு மடக்குத் தண்ணீர்’ எல்லாருக்கும் தெரியும். கெட்டியானதற்குக் கவளம் இருக்கட்டும், யானை கோபித்துக்கொள்ளாது.

அந்த அளவைக்கு எனக்குத் தோன்றியது: ‘முன்பின் நேரம்’. தொண்டை முந்தியதா, மடக்கு முந்தியதா, எவ்வளவு முன்னே, எவ்வளவு பின்னே. கழித்தலும் வரும், கூட்டலும் வரும். யாரையும் தாமதக்காரர் என்று சொல்லாது.

இயற்பியல் வாத்தியார்:

குறி தாங்குகிறது. ஆதரிக்கிறேன். முழுப்பெயர் ‘விழுங்கல் முன்பின் நேரம்’.

குழுவில் பழையவர்:

சரி. எஸ்.டி.டி.யை ஒரு முறை பக்கத்தில் போடுங்கள்.

புலவர் ஐயா:

முன்பின் என்பது உம்மைத்தொகை, இலக்கணக் குற்றமில்லை. ஆனால் இது கலைச்சொல்லா, பேச்சுவழக்கா? ‘முன்பின் தெரியாதவர்’ என்கிறோம். ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் அகராதியில் பார்த்தால் என்ன நினைப்பார்? ‘முந்துபிந்தளவை’ என்றாவது செறிவாக்குங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:

எல்லாருக்கும் நன்றி. நாளை வெள்ளி. அனுப்பும் வரிகள் இவை:

‘நீங்கள் ஒரு மடக்கு நீரை விழுங்கும்போது, அந்த நீர் கீழ்த்தாடை எலும்பைத் தாண்டும் நொடியையும், நாக்கின் அடியில் உள்ள எலும்பு எகிறத் தொடங்கும் நொடியையும் படத்தில் குறிப்போம். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவது உங்கள் விழுங்கல் முன்பின் நேரம். இது ஆளுக்கு ஆள் மாறும். எலும்பு முந்திக்கொண்டாலும் அது குறைபாடு ஆகாது.’

புலவர் ஐயா:

‘எகிற’ வேண்டாம், ‘எழ’ என்று போடுங்கள். மற்றதைப் பற்றி என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும். புரை பற்றிய இழையை இன்றிரவு தொடங்குகிறேன்.