மூன்று துளை பாட்டில்: அடித்துளை நீர் ஏன் முந்தவில்லை?

கேள்வி – அறிவியல் மன்றம்
ஒன்பதாம் வகுப்புக்குத் திரவ அழுத்தம் நடத்துகிறேன். ஆழம் கூடினால் அழுத்தம் கூடும், ஆகவே அடித்துளை நீர்தான் அதிக தூரம் பாயும் என்று பல வழிகாட்டிகளில் படம் இருக்கிறது. 2 லிட்டர் பாட்டிலை மேசைமேல் வைத்துச் செய்தால் நடுத்துளைதான் முந்துகிறது. மற்ற இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விழுகின்றன. துளைகள் மேசையிலிருந்து 6, 12, 18 செ.மீ. உயரத்தில், நீர்மட்டம் 24 செ.மீ. எங்கே பிசகு?

பதில் – குழாயடி
பிசகு படத்தில், உங்கள் பாட்டிலில் இல்லை டீச்சர். ஆழம் அழுத்தத்தையும் வேகத்தையும்தான் தீர்மானிக்கிறது. நீர் எவ்வளவு தூரத்தில் விழும் என்பதற்கு, விழ எடுக்கும் நேரமும் வேண்டும்.

அடித்துளை 18 செ.மீ. ஆழத்தில் இருக்கிறது. அங்கே நீரால் வரும் அழுத்தம் (நீரின் அடர்த்தி × புவியீர்ப்பு முடுக்கம் g × ஆழம் h) 1000 × 9.8 × 0.18 = 1764 பாஸ்கல். வேகம் √(2gh), அதாவது நொடிக்கு 1.88 மீ. ஆனால் மேசைக்கு 6 செ.மீ.தான் இருப்பதால் 0.11 நொடியில் விழுந்துவிடும். மேல் துளையில் வேகம் 1.08 மீ.தான், விழ 0.19 நொடி கிடைக்கிறது. பெருக்கிப் பாருங்கள், இரண்டுமே 21 செ.மீ. நடுத்துளை 24 செ.மீ.

பாட்டிலை 40 செ.மீ. ஸ்டூலில் வைத்து, நீர் தரையில் விழட்டும். மேலிருந்து கீழாக 37, 50, 58 செ.மீ. வரும். இப்போது படத்தில் உள்ளபடியே அடித்துளை முந்தும். துளை விளிம்பில் உராய்வு உண்டு, அளந்தால் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

இன்னொன்று: அழுத்தம் 3 மடங்கு என்றால் வேகமும் 3 மடங்கு என்று பிள்ளைகள் எழுதுவார்கள். √3, அதாவது 1.7 மடங்குதான்.

பதில் – பட்டறை
செய்முறையில் கவனிக்க வேண்டியவை. துளை 3 மி.மீ. இருக்கட்டும். ஊசித்துளை போட்டால் நீர் பீய்ச்சாமல் பாட்டில் சுவரிலேயே ஒட்டி வழியும். சூடான ஆணியால் குத்தினால் விளிம்பில் பிளாஸ்டிக் பிசிறு நிற்கும், தாரை கோணிக்கொண்டு போகும், பிளேடால் சீவிவிடுங்கள். துளைகளை ஒரே செங்குத்துக் கோட்டில் போடாமல் 1 செ.மீ. தள்ளித் தள்ளிப் போட்டால் தாரைகள் மோதாது. அகலமான ஒரே டேப்பால் மூன்றையும் அடைத்து, ஒரே இழுப்பில் உரியுங்கள். அப்போது பாட்டிலின் கழுத்தைப் பிடிக்க வேண்டும். வயிற்றைப் பிடித்தால் கை அமுக்கும் அழுத்தமும் சேர்ந்துகொள்ளும். மட்டம் 24-இலிருந்து இறங்காதபடி மேலே நீர் ஊற்றிக்கொண்டே இருங்கள்.

கேள்வி – அறிவியல் மன்றம்
ஸ்டூலில் வைத்ததும் சரியாக வந்தது, நன்றி. ஆனால் மூடியை இறுக்கியதும் மேல் துளை நின்றுவிட்டது, கீழே இரண்டும் ஓடுகின்றன. ஏன்?

பதில் – குழாயடி
நீர் வெளியேற வெளியேற உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடக் குறைகிறது. அதனால் மேல் துளை வழியாக வெளிக்காற்று குமிழ் குமிழாக உள்ளே ஏறும். உற்றுப் பார்த்தால் தெரியும். அதன் பிறகு மற்ற துளைகளுக்கு ஆழத்தை நீர்மட்டத்திலிருந்து அளக்கக் கூடாது, மேல் துளையிலிருந்து அளக்க வேண்டும்: நடுத்துளைக்கு 6, அடித்துளைக்கு 12 செ.மீ. நீர்மட்டம் மேல் துளைக்கு இறங்கும்வரை ஒவ்வொரு தாரையின் வேகமும் ஏறக்குறைய மாறாமல் இருக்கும்.