கோழிக்குக் கால் ஆணி: யாருக்காவது திரும்பத் திரும்ப வந்திருக்கிறதா?

கொல்லைப்புறம் (அருப்புக்கோட்டை பக்கம்):

எங்கள் சாம்பிக்கு வந்திருப்பது கால் ஆணி என்று கண்டுபிடிக்கவே ஒரு மாதம் ஆனது, அதற்குமேல் இரண்டு மாதம் வைத்தியம். ஒரு கோழிக்கா இவ்வளவு என்று கேட்பவர்கள் இப்போதே அடுத்த பதிவுக்குப் போய்விடலாம். என் வீட்டிலேயே பாதிப் பேர் அப்படித்தான் கேட்டார்கள்.

சாம்பி கலப்புப் பெட்டை. அம்மா சிறுவிடை, அப்பன் பக்கத்துத் தெருப் பெருவிடைச் சேவல், அதனால் உடம்பு கொஞ்சம் கனம், இரண்டேகால் கிலோ இருப்பாள். காலையில் குருணையை இறைத்து "பா பா" என்று கூப்பிட்டால் ஏழு உருப்படியில் முதலில் ஓடி வருவது அவள்தான். ஒருநாள் கடைசியாக வந்தாள். மறுநாளும் அப்படியே. அப்புறம் கவனித்தால் கொக்கு மாதிரி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். வெள்ளைக்கழிச்சல் வந்து வாதமாகிவிட்டது என்று ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். ஆனால் தீனி குறையவில்லை, எச்சம் சரியாக இருந்தது, ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டையும் வைத்துக்கொண்டிருந்தாள். என் அத்தைதான் ராத்திரி அவளைப் பிடித்து டார்ச் அடித்துப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். நடுப்பாதத்தில் புளியங்கொட்டையைப் பாதியாக உடைத்து ஒட்டவைத்த மாதிரி கறுப்பாக ஒரு பொருக்கு. சுற்றிலும் சிவந்து, தொட்டால் சூடு.

எங்கள் ஊரில் காலில் ஏதாவது என்றால் முதலில் நினைப்பது சீமைக்கருவேல முள். நானும் முள்தான் என்று ஊசியைச் சுட்டு நோண்டினேன். முள்ளும் இல்லை, ஒன்றும் இல்லை. சீழ் இருக்கும், பிதுக்கினால் வந்துவிடும் என்று அமுக்கினேன், ரத்தம்தான் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அடுத்த நாள் வீக்கம் விரலுக்கிடையில் எல்லாம் பரவிவிட்டது. அப்புறம் மஞ்சள், மெடிக்கலில் வாங்கிய களிம்பு, வெந்நீர் ஒத்தடம் என்று மூன்று வாரம் ஓடியது. வெந்நீரில் ஊறினால் பொருக்கு கழன்று வந்துவிடும், ஆஹா சரியாகிவிட்டது என்று நினைப்பேன், நாலாம் நாள் அதே இடத்தில் அதே கறுப்புப் பொத்தான். இப்படி மூன்று தடவை.

முதலில் கொண்டுபோன இடத்தில் பாதத்தைப் பார்க்கக்கூட இல்லை, "கோழிதானே, குழம்பு வச்சிருங்கம்மா" என்று சொல்லிவிட்டார்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். இரண்டாவதாகப் பார்த்த கால்நடை மருத்துவர் சின்ன வயதுப் பெண். அவர் சொன்ன ஒரு விஷயத்தில்தான் எனக்கு எல்லாமே விளங்கியது. நமக்குக் கட்டி வந்தால் சீழ் இளகித் தண்ணியாக ஒழுகும். பறவைக்கு அப்படி ஆகாதாம். சீழை இளக்குகிற ஒரு நொதி நம் வெள்ளையணுவில் உண்டு, கோழிக்கு அது கிடையாது. அதனால் உள்ளே இருப்பது ஒழுகாமல் இறுகி, பாலாடைக்கட்டி மாதிரி ஒரு கட்டியாக உட்கார்ந்துவிடுகிறது. பிதுக்கினால் எப்படி வரும்? அதற்குள் ரத்த ஓட்டமும் கிடையாது என்பதால் ஊசி போட்டாலும் மாத்திரை கொடுத்தாலும் மருந்து உள்ளே போய்ச் சேராது. மேலே நான் தடவிய களிம்பெல்லாம் கதவைப் பூட்டிவிட்டு வாசலில் தண்ணீர் தெளித்த கதைதான். கிருமி பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்றார். நம் தோலிலும் இருக்கக்கூடியது, கையில் கீறல் இருந்தால் நமக்கும் தொற்றலாம், வெறுங்கையால் இனிமேல் தொடாதீர்கள் என்று எனக்கும் ஒரு திட்டு.

சாம்பியைத் துண்டில் சுற்றி, தலையையும் மூடிவிட்டோம். இருட்டானால் கோழி அடங்கிவிடும், அது தெரிந்ததுதான். நான் பயத்தில் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தேன், அதற்கும் திட்டு. கோழிக்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லை, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு, அங்கே அமுக்கினால் கையிலேயே செத்துப்போகும். இறக்கையை மட்டும் பிடியுங்கள் என்றார். இளஞ்சூட்டுத் தண்ணீரில் எப்சம் உப்புப் போட்டுப் பத்து நிமிடம் காலை ஊறவைத்து, பீட்டாடினில் கழுவி, மரத்துப்போக ஒரு ஊசி. அந்த மருந்துகூடக் கோழிக்கு அளவு மீறினால் ஆபத்தாம், வலி மரக்கச் செய்யும் களிம்புகளை வீட்டில் நீங்களாகப் போடாதீர்கள் என்றார். பொருக்கைச் சுற்றிக் கீறி இடுக்கியால் தூக்கினார். அடியில் மஞ்சள் வெள்ளையாக ஒன்று, வேர் விட்ட மாதிரி நீளமாக வந்தது. காய்ந்துபோன பனீர் துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டாணி அளவு இருக்கும். நாற்றம் பெரிதாக இல்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். அப்புறம் குழியை உப்புநீர் பீய்ச்சிக் கழுவிக் கழுவி, இன்னும் இரண்டு சின்னத் துணுக்குகளை எடுத்தார். ஒரு துணுக்கு மிச்சமிருந்தாலும் மறுபடி முதலிலிருந்துதான் என்றார். எனக்கு அந்த மூன்று தடவை ஏன் திரும்பி வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

கட்டுப் போடுவது தனிக் கலை. குழியில் மருந்து தடவிய காஸ், அதன்மேல் நடுவில் ஓட்டை போட்ட பஞ்சு மெத்தை, வடை மாதிரி. நிற்கும்போது பாரம் புண்ணில் இறங்காமல் சுற்றிலும் இறங்குவதற்காக. எனக்கு அந்த மெத்தை கிடைக்கவில்லை, பழைய ரப்பர் செருப்பை மெல்லிசாக வெட்டி ஓட்டை போட்டேன், நன்றாகவே நின்றது. சுற்றுத்துணி விரலுக்கிடையில் எட்டு போட்டு கணுக்கால் வரை. இறுக்கினால் விரல் வீங்கும், தளர்த்தினால் அரை மணியில் அவிழ்த்துவிடுவாள். முதல் வாரம் தினமும், அப்புறம் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினேன். எடை போட்டுப் பார்த்து ஐந்து நாளுக்கு வாய்வழி மருந்து கொடுத்தார். அந்த நாட்களிலும் அதற்குப்பின் அவர் சொன்ன நாட்கள் வரையிலும் முட்டையைச் சாப்பிடவில்லை, குழி தோண்டிப் புதைத்தோம். அத்தைக்குத்தான் மனசே ஆறவில்லை.

ஆறாவது வாரம் புதுத்தோல் வந்து, வீக்கமெல்லாம் வற்றி, நல்லபடியாக நடந்தாள். எட்டாவது வாரம் மறுபடி அந்தக் கால் சிவந்தது!

அழாத குறை. அன்றைக்கு விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து கொல்லையிலேயே உட்கார்ந்திருந்தேன். கூட்டில் போட்டு மூடினாலும் சாம்பி எப்படியாவது சாயங்காலம் முருங்கை மரத்தில் ஏறிவிடுவாள், அது எங்களுக்குப் பழக்கம், விட்டுவிடுவோம். வெளிச்சம் வந்ததும் மரத்திலிருந்து குதித்தாள். "தொப்" என்று ஒரு சத்தம். ஏழடி உயரம், கீழே போன வருஷம் நாங்கள் போட்ட சிமெண்டுத் தளம். அதற்கு முன்னால் அங்கே மண்தான். தினமும் ஒரு தொப், இரண்டேகால் கிலோ, அதே கால் முதலில். இதை நான் மூன்று மாதமாகத் தூங்கிக்கொண்டே கேட்டிருக்கிறேன்.

உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். முக்கியமாக, திரும்ப வந்தவர்கள் என்ன மாற்றினீர்கள்?

பெருவிடை பிரியன் (பொள்ளாச்சி):

அக்கா, நான் பெருவிடை மட்டும்தான் வளர்க்கிறேன், சேவல் ஒவ்வொன்றும் நாலு கிலோ, நாலரை கிலோ. எங்களுக்கு ஆணி என்பது சளி மாதிரி, வருஷத்துக்கு இரண்டு மூன்று வந்தே தீரும். கனமான உடம்பு, கடினமான தரை, இரண்டும் சேர்ந்தால் பாதம் கிழியும், கிழிந்த இடத்தில் எச்சம் படும், அவ்வளவுதான் கதை.

எனக்கு மரமெல்லாம் இல்லை, தப்பு கூட்டுக்குள்ளேயே இருந்தது. அடைய ஒன்றரை அங்குல இரும்புக் குழாய் போட்டிருந்தேன். வழுக்கும், அதனால் ராத்திரி முழுக்க இறுக்கிப் பிடித்துக்கொண்டே உட்காரும், பாரமெல்லாம் பாதத்தின் ஒரே இடத்தில் இறங்கும். ஒரு பெரியவர் பார்த்துவிட்டு, கோழியை என்ன கம்பி மேல் நடக்கிற வித்தைக்காரன் என்று நினைத்தாயா என்று கேட்டார். குழாயைக் கழற்றிவிட்டு நாலு அங்குலம் அகலமான பலகை, விளிம்பை இழைத்து, தரையிலிருந்து ஒன்றரை அடிக்குள் போட்டேன். கீழே தேங்காய் நார்க்கழிவு நாலு விரல் கனத்துக்கு. அது ஈரமானால் வாரத்தில் இரண்டு தடவை கிளறிவிடுவேன், ஈரத்தில் நிற்கிற பாதம் ஊறி மெத்தென்றாகி எதில் பட்டாலும் கிழிந்துவிடும். அதற்குப்பிறகு இரண்டு வருஷத்தில் ஒன்றே ஒன்றுதான் வந்தது.

இன்னொன்று, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன். பிளேடு வைத்து நானே அறுத்து எடுப்பேன் என்று தெம்பாக இருந்தவன் நான். மூன்று தடவை சரியாக வந்தது. நாலாவது தடவை ஆழமாகப் போய்விட்டது, ரத்தம் நிற்கவே இல்லை, பாதத்தில் நரம்பும் தசைநாரும் எவ்வளவு மேலாகவே ஓடுகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். நல்ல கீரி நிறச் சேவல், சாயங்காலத்துக்குள் போய்விட்டது. பொருக்கு சின்னதாக, வீக்கம் இல்லாமல் இருந்தால் ஊறவைத்து வீட்டில் பார்க்கலாம். விரல் வரைக்கும் வீங்கிவிட்டது என்றால் கத்தியைத் தொடாதீர்கள்.

வேப்பமரத்தடி (மணப்பாறை):

எனக்கு வயது அறுபத்தி மூன்று, ஐம்பது வருஷமாகக் கோழி வளர்க்கிறேன், டாக்டரிடம் கோழியைக் கொண்டுபோனது கிடையாது. ஆனால் இந்தப் பொண்ணு சொல்வது சரி. பொருக்குக் கட்டிவிட்டது என்றால் மஞ்சள் கேட்காது, நானும் இரண்டைப் பறிகொடுத்திருக்கிறேன். பாதம் ரோஸ் கலரில் லேசாகத் தடித்திருக்கும், அப்போது பார்த்துவிட்டால் கேட்கும். மாட்டுக்குக் கோமாரி வந்தால் குளம்பில் போட ஒரு எண்ணெய் காய்ச்சுவோமே, குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி, பூண்டு, மஞ்சள் எல்லாம் அரைத்து நல்லெண்ணெயில், அதையேதான் கோழிக்கும் போடுவேன். அதில் இன்னொரு நன்மை, ஈ அண்டாது. திறந்த புண்ணில் ஈ உட்கார்ந்து புழு வைத்துவிட்டால் அப்புறம் ஆணியெல்லாம் சின்ன விஷயம் தாயி. சாயங்காலம் அடைக்கும்போது வாரத்துக்கு ஒருநாள் ஒவ்வொன்றின் காலையும் திருப்பிப் பாருங்கள், ஏழு கோழிக்கு ஏழு நிமிஷம்கூட ஆகாது.

அப்புறம் தீனி. வெறும் குருணையும் சோறும்தான் போடுகிறீர்களா? அரிசியில் ஏ வைட்டமின் கிடையாது என்று என் மகள் சொல்வாள், அது குறைந்தால் தோல் தடித்து வெடிக்குமாம். உங்கள் வீட்டில் முருங்கை மரமே நிற்கிறதே, கீரையை ஒடித்துக் கட்டித் தொங்கவிட வேண்டியதுதானே. மரம் ஏறி அடைய மட்டும்தானா?

மாடிக்கோழி:

என் கதை வேறு. ஆணி ஆணி என்று ஒரு மாதம் பாதத்துக்கே வைத்தியம் பார்த்தேன், கடைசியில் அது செதில்கால். பாதத்தில் ஒன்றுமே இல்லை, காலில் இருக்கிற செதில்கள் தூக்கிக்கொண்டு சுண்ணாம்பு பூசிய மாதிரி தடித்திருந்தது. செதிலுக்கடியில் கண்ணுக்குத் தெரியாத உண்ணி குடியிருக்குமாம். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்து, கால் முழுக்க வேப்பெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து பூசினேன், வாரம் இரண்டு முறை, ஒன்றரை மாதம். ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் பூச வேண்டும், கூட்டுப் பலகைக்கும் சேர்த்து. நடப்பது நொண்டல்தான், அதனால் குழம்பிவிட்டேன்.

என் தங்கை வீட்டில் இரண்டு காலும் ஒன்றாக வீங்கி, முட்டியும் வீங்கி, ஒரே வாரத்தில் நாலு கோழி படுத்தன. அங்கே டாக்டர் பார்த்ததும் இது ஆணி இல்லை, மூட்டுக்கு வரும் தொற்று என்று ரத்தம் எடுத்து அனுப்பினார். ஒரு கோழி, ஒரு கால், கறுப்புப் பொருக்கு, அப்படியிருந்தால் பெரும்பாலும் ஆணி என்று நான் மனசில் வைத்திருக்கிறேன்.

கொல்லைப்புறம்:

எல்லோருக்கும் நன்றி. அம்மா, நீங்கள் கேட்டது சுருக்கென்று தைத்தது, உண்மையில் ரேஷன் அரிசிக் குருணையும் மிச்சச் சோறும்தான் போட்டுக்கொண்டிருந்தோம். இப்போது கீரைக்கட்டு தொங்குகிறது, மக்காச்சோள உடைசலும் கொஞ்சம் கலக்கிறேன். தம்பி, நாலு அங்குலப் பலகை உங்களைப் பார்த்துத்தான் போட்டேன்.

இரண்டாவது தடவை சிவந்தது பெரிதாகவில்லை, பொருக்குக் கட்டும் முன்பே பிடித்துவிட்டோம். பத்து நாள் உப்புநீரும் பீட்டாடினும் செருப்பு வடையும் போட்டதிலேயே அடங்கிவிட்டது. மரத்தில் ஏறாமல் இருக்கத் தண்டைச் சுற்றித் தகரம் கட்டினோம், சாம்பி குளியலறை ஓட்டில் ஏறி அங்கிருந்து கிளைக்குத் தாவினாள். இறங்குவதற்கு வசதியாக வீட்டுக்காரர் மூங்கில் ஏணி ஒன்று சாய்த்து வைத்தார். மற்ற ஆறும் அதில் ஏறி விளையாடுகின்றன, இவள் மட்டும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் அவள் எங்கே குதிக்கிறாள் என்று சாக்கட்டியால் கோடு போட்டு, அந்த இடத்துச் சிமெண்டை மட்டும் கடப்பாறையால் உடைத்துவிட்டு ஆறடிக்கு நாலடி மணல் கொட்டியிருக்கிறோம். உடைக்கும்போது வீட்டுக்காரர் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார், மூட்டை என்ன விலை, கொத்தனார் கூலி என்ன என்று. நான் காதில் வாங்கவில்லை.

இப்போது விடிகாலையில் சத்தம் "பொத்" என்றுதான் கேட்கிறது.