தரம் 3: பாடத்தை ஒப்புவிக்கிறார்கள், வாசிக்க வரவில்லை. என்ன பயிற்சி கொடுக்கலாம்?

கொழுந்துமலை:
வணக்கம். ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டப் பாடசாலை, தரம் 3, 28 பிள்ளைகள். புத்தகத்தைத் திறந்ததும் கடகடவென்று சொல்கிற பத்துப் பேர், அதே சொல்லைக் கரும்பலகையில் தனியாக எழுதினால் விழிக்கிறார்கள். க, ங, ச வரிசை தெரியும். கொம்பு வந்தால்தான் சிக்கல், ‘கொ’வை "கெ... ஆ" என்கிறார்கள். ஒரு நாளைக்கு 20 நிமிடம் ஒதுக்கலாம். அதிகம் செலவில்லாத வழி இருந்தால் விபரமாகச் சொல்லுங்கள்.

டிமைத்தாள்:
டீச்சர், முதலில் யார் எங்கே நிற்கிறார் என்று பிரித்துப் பாருங்கள். படித்து முடித்த பாடத்தில் ஒரு வரியை எடுத்து, மற்ற வரிகளை மட்டையால் மறைத்து, கடைசிச் சொல்லிலிருந்து முன்னோக்கி வாசிக்கச் சொல்லுங்கள். மனப்பாடம் அங்கேயே நின்றுவிடும். பிறகு ‘தேமு’, ‘கொபை’, ‘மோவி’ போலப் பொருளில்லாத பத்துச் சொற்கள். இவற்றை ஊகித்துச் சொல்ல முடியாது. எந்தக் குறியில் பிழைக்கிறார் என்பதைப் பெயருக்கு நேரே குறியுங்கள், சரி பிழை மட்டும் போட்டால் போதாது. ஒற்றைக் கொம்பும் (ெ) இரட்டைக் கொம்பும் (ே) மாறுகிற பிள்ளைக்கும், ‘கொ’வை இரண்டாக உடைக்கிற பிள்ளைக்கும் ஒரே பயிற்சி உதவாது.

பட்டிமட்டை:
‘கொ’வை உடைக்கிறவர்களுக்கு இழுவைப் பட்டி நல்லது. பிரிஸ்டல் போர்டில் (தடித்த அட்டை) 18 × 12 செ.மீ. மட்டை ஒன்று. நடுவில் எழுத்து அட்டை செருக ஒரு சிறு பை. அதன் இருபக்கமும் மேலும் கீழுமாக, 5 செ.மீ. இடைவெளியில், 4.5 செ.மீ. நீளமான இரண்டிரண்டு வெட்டுகள். அவற்றுக்குள் 4 செ.மீ. அகலப் பட்டிகள் ஓடும். இடப் பட்டியில் வெற்றுக் கட்டம், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு (ை). வலப் பட்டியில் வெற்றுக் கட்டம், அரவு (‘மா’வில் வரும் கால், ா). ‘ம’வைச் செருகினால் ம, மா, மெ, மே, மை, மொ, மோ ஏழும் அதே மட்டையில் கிடைக்கும். மெ காட்டி, அரவை இழுத்ததும் மொ ஆவதைப் பிள்ளை கண்ணால் பார்க்கிறது. இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இரண்டு கவனம். ‘ர’வில் தொடங்க வேண்டாம், அரவும் அதுவும் ஒரே மாதிரித் தெரியும், ம, ப, த, க, வ முதலில். "ம-வுக்கு ஒற்றைக் கொம்பு மெ" என்று பெயர் சொல்லிப் பாடவும் வேண்டாம். பாட்டு மனதில் நிற்கும், ஒலி நிற்காது. ஒலியை மட்டும் சொல்லுங்கள்.

உகரத்துக்குப் பட்டி சரிவராது, எழுத்தே உருமாறும். மூன்று கூட்டமாகக் கொடுங்கள்: கு, டு, மு, ரு, ழு, ளு; சு, பு, யு, வு; து, நு, லு, று, னு, ணு. ஒரு கிழமையில் ஒரு கூட்டம் போதும்.

டிமைத்தாள்:
குறிகள் ஓரளவு பிடிபட்டதும், பிள்ளைகள் சொல்லச் சொல்ல டிமைத் தாளில் (பெரிய தாள்) எழுதுங்கள். ஐந்து வசனம், எழுத்து 4 செ.மீ. உயரம், பின்வரிசைக்கும் தெரியும். "அம்மா கொழுந்து எடுக்க போனாங்க" என்றால் முதல் நாள் அப்படியே. தன் பேச்சு எழுத்தாக நிற்பதைப் பார்த்தால் எந்தப் பிள்ளைக்கும் வாசிக்க ஆசை வரும். அடுத்த நாள் அதன் கீழே "அம்மா கொழுந்து பறிக்கப் போனார்" என்று எழுதி இரண்டையும் வாசிக்க வையுங்கள். பேச்சுக்கும் புத்தகத்துக்கும் உள்ள இடைவெளியில் விழுகிறவர்களும் இருக்கிறார்கள்; முதல் நாளே திருத்தி எழுதினால் அவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். மூன்றாம் நாள் வசனங்களை வெட்டிக் கலைத்து அடுக்கச் சொல்லலாம்.

தென்மேல் பருவ மழையில் அட்டைகள் சுருண்டு பூசணம் பிடிக்கும். இருபுறமும் அகலமான செலோடேப் ஒட்டி, ஓரத்தில் 2 மி.மீ. விட்டு வெட்டுங்கள். ஓரத்தோடு வெட்டினால் ஈரம் உள்ளே போகும். மூடியுள்ள பிஸ்கட் டின்னில் வைத்தால் போதும்.

கொழுந்துமலை:
மிக்க நன்றி. அந்த 20 நிமிடமும் மற்றப் பதினெட்டுப் பேரை என்ன செய்வது?

பட்டிமட்டை:
ஒன்பது சோடி. ஒருவர் ஒரு பந்தி வாசிக்க, மற்றவர் விரலால் வரியைத் தொடர்வார், பின் மாறுவார்கள். தடுமாறினால் மூன்று எண்ணும் வரை பொறுத்துத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். உடனே சொன்னால் வாசிக்கிறவர் முயலவே மாட்டார். மிகக் கெட்டிக்காரரையும் மிகப் பின்தங்கியவரையும் சோடி சேர்க்காதீர்கள், ஒருவரே முழுதும் வாசித்து முடித்துவிடுவார். பாடநூல் சலித்தால் பழைய பத்திரிகைத் தலைப்புகளை வெட்டி ஒட்டிய கொப்பி ஒன்று சோடிக்கு ஒன்றாகக் கொடுங்கள், எழுத்தும் பெரிது.