வீட்டோடு இருக்கும் அம்மாவுக்குக் கஞ்சியும் ரசம் சாதமும் போதுமா?

தஞ்சைமகள் (கேள்வி):
வணக்கம். என் அம்மாவுக்கு வயது 78. இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை நடந்த பின், வாக்கரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறை வரை போய்வருவதே பெரும்பாடாகிவிட்டதால், அவர் வாசலைத் தாண்டுவதில்லை. காலையில் கஞ்சி, மதியம் ரசம் சாதம், இரவில் இரண்டு இட்லி. இதற்கு மேல் எது கொடுத்தாலும் "செரிக்காது, வேண்டாம்" என்று தட்டை நகர்த்திவிடுகிறார். மணிக்கட்டில் நின்ற வளையல் இப்போது முழங்கை வரை ஏறுகிறது. ரவிக்கைகளையெல்லாம் பிடித்துத் தைக்க வேண்டியதாயிற்று. முட்டையும் மீனும் அவருக்குப் பிடிக்கும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறார். எடை சுமார் 45 கிலோ இருக்கலாம். கடையில் விற்கும் சத்துமாவு வாங்கிக் கொடுத்தால் சரியாகுமா?

உணவியலாளர், மதுரை:
நீங்கள் எழுதிய உணவில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 15 கிராம் புரதம்தான் தேறும். முதியவர்களுக்குக் கிலோ எடைக்கு ஒரு கிராமாவது வேண்டும் என்பதால், அம்மாவுக்குக் குறைந்தது 45 கிராம் தேவை. வயதானவருக்கு நீர்த்த உணவே நல்லது என்ற நம்பிக்கையே நம் வீடுகளில் பல முதியவர்களின் தசையைக் கரைக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அளவைக் கூட்டச் சொல்லாதீர்கள். அதே கிண்ணத்துக்குள் சத்தைக் கூட்டுங்கள். கஞ்சியில் பாசிப்பருப்பைச் சேர்த்துக் குழைய வேகவைத்துப் பாலோடு கொடுக்கலாம். மதியச் சாதத்தில் கடைந்த பருப்பும் நெய்யும், முள் நீக்கி உதிர்த்த மீனும் சேரட்டும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. மாலையில் அவித்து மசித்து மிளகுத்தூள் தூவிக் கொடுங்கள். சத்துமாவு வாங்கினால், அதில் சர்க்கரை எவ்வளவு என்று முதலில் பாருங்கள். சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் மட்டும் புரத அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

இல்லப் பராமரிப்புச் செவிலியர்:
மேலே சொன்னவை அனைத்தும் சரி; ஆனால் அம்மா ஏன் மறுக்கிறார் என்பதை முதலில் அறிய வேண்டும். நான் போகும் வீடுகளில், சாப்பிட்டால் கழிப்பறைக்குப் போக வேண்டும், அதற்கு ஒருவரைக் கூப்பிட வேண்டும் என்ற கூச்சத்தாலேயே சோற்றையும் தண்ணீரையும் குறைத்துக்கொள்ளும் தாய்மார்கள் அநேகர். அவர்கள் அதை வாய்விட்டுச் சொல்லாமல் "பசிக்கவில்லை" என்றுதான் சொல்வார்கள். பல்செட் தளர்ந்திருக்கிறதா, வாயில் புண் உண்டா, மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் பாருங்கள். மெட்ஃபார்மின் சிலருக்குப் பசியைக் குறைக்கும். நெடுநாள் எடுப்பவர்களுக்கு பி12 குறையவும் கூடும். வெயில் படாததால் வைட்டமின் டி குறையவும் வாய்ப்புண்டு. இவற்றை மருத்துவரிடம் கேளுங்கள். தண்ணீர் குடிக்கும்போது இருமினால், விழுங்குவதில் சிக்கல் இருக்கலாம், தாமதிக்காமல் காட்டுங்கள். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். புரதம் தசையாக வேண்டுமானால் உடலுக்குச் சிறிதாவது பயிற்சி வேண்டும்.

குமரிக்காரன்:
என் தந்தையைப் பார்த்துக்கொண்ட அனுபவத்தில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கட்டிலுக்குத் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது பாதியை மிச்சம் வைத்தவர், சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து நாங்களும் கூடவே உட்கார்ந்து சாப்பிட்டபோது, பேச்சோடு பேச்சாக முழுவதையும் சாப்பிட்டார்.

தஞ்சைமகள்:
அனைவருக்கும் நன்றி. பக்குவமாகக் கேட்டபோது, பகலில் உதவிக்கு வரும் பெண்ணை அடிக்கடி கூப்பிடக் கூச்சமாக இருக்கிறது என்று அம்மா ஒப்புக்கொண்டார். கட்டிலருகே கமோடு நாற்காலி வைக்க ஏற்பாடு செய்கிறேன். எடைக் கருவியில் அவரால் நிற்க முடியாது. முன்னேற்றத்தை எப்படி அறிவது?

இல்லப் பராமரிப்புச் செவிலியர்:
தையல் டேப்பால் கெண்டைக்காலின் பருத்த இடத்தை அளந்து குறித்துவையுங்கள். 31 செ.மீ.க்குக் கீழே இருந்தால் தசை குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். காலில் வீக்கம் இருந்தால் இந்த அளவு பொருந்தாது. மாதம் ஒருமுறை, அதே காலில், காலை வேளையில் அளந்தால் போதும்.