கொலம்பியால துணைக்கு நின்ன அனுபவம், வேற யாராச்சும் போயிருக்கீங்களா?

சண்டை நடக்குற நாட்டுல மனித உரிமை ஆளுங்களோட வாலன்டியரா போகணும்னு அடிக்கடி இங்க கேக்குறீங்க, அதான் எழுதுறேன். நான் போனது கொலம்பியாவுக்கு, பீஸ் பிரிகேட்ஸ் இன்டர்நேஷனல்னு ஒரு அமைப்பு, சுருக்கமா பிபிஐ. 1981ல ஆரம்பிச்சது, காந்தியோட சாந்தி சேனா, அதாவது ஆயுதமில்லாத அமைதிப்படை, அந்த ஐடியாதான் அதுக்கு வேர், ஆரம்பக் கூட்டத்துல காந்தியோட செயலர் மகாதேவ் தேசாயோட மகன் நாராயண் தேசாயும் இருந்திருக்காரு. கொலம்பியால 1994ல இருந்து இருக்காங்க. ஸ்பானிஷ் நல்லா பேச வரணும், மாட்ரிட்ல படிச்சதால எனக்கு அது பிரச்சனை இல்ல.

அங்க போய் கிணறு வெட்டலாம், பசங்களுக்கு டியூஷன் எடுக்கலாம்னு நெனச்சீங்கன்னா வேற இடம் பாருங்க. மிரட்டல் வந்த வக்கீல், ஊர்ப் பெரியவங்க இவங்க கூடவே நடக்கணும், ஜீப்ல ஏறணும், அவங்க மீட்டிங் முடியுற வரைக்கும் வெளிய பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருக்கணும், உள்ள என்ன முடிவு எடுக்குறாங்கன்றதுல நம்ம மூக்க நுழைக்கவே கூடாது. வெளிநாட்டு ஆள் ஒருத்தன் பாத்துட்டிருக்கான், இவனுக்கு எதாச்சும் ஆச்சுன்னா எங்கெங்க இருந்தோ போன் வரும்னு துப்பாக்கி வச்சிருக்கவன் ஒரு நிமிஷம் யோசிப்பான்ல, அந்த யோசனைதான் மொத்த பாதுகாப்பும். அதனால திருட்டுத்தனமா எங்கயும் போறதில்ல, எந்த வழி எத்தன நாள்னு ராணுவத்துக்கும் போலீசுக்கும் முன்கூட்டியே சொல்லிட்டுதான் கிளம்புவோம். ஆபீஸ் வேலையில பாதி அந்த போனும் லெட்டரும்தான், செம போர்.

நான் அதிகம் போனது கொலம்பியாவோட வடமேற்குல உராபா பக்கம் சான் ஹோசே தே அபர்த்தாதோன்ற மலைக்கிராமம். கீழ அபர்த்தாதோ டவுன சுத்தி கண்ணுக்கு எட்டுற வரைக்கும் வாழைத் தோட்டம், மேல கொக்கோ. 1997 மார்ச்ல அந்த விவசாயிங்க சேர்ந்து நாங்க எந்தப் பக்கமும் இல்லன்னு அறிவிச்சாங்க, ஆயுதம் தொட மாட்டோம், ராணுவமோ, அரசாங்கத்த எதுத்து சண்ட போடுற கெரில்லாவோ, கெரில்லாவுக்கு எதிரான தனி ஆயுதக் கும்பலான பாராமிலிட்டரியோ யாருக்கும் தகவல் குடுக்க மாட்டோம்னு. அதுக்காகவே எல்லாப் பக்கமும் அவங்களக் கொன்னிருக்காங்க. 2005 பிப்ரவரி 21ல தலைவர் லூயிஸ் எடுவார்டோ கெர்ரா உட்பட 8 பேர வெட்டிக் கொன்னாங்க, அதுல மூணு பேர் குழந்தைங்க, பாராமிலிட்டரியோட கூடப் போனது ராணுவம். அப்புறம் பாதுகாப்பு குடுக்குறோம்னு ஊருக்குள்ளயே போலீஸ் ஸ்டேஷன் வச்சாங்க, ஆயுதம் இருக்குற இடத்துல இருக்க மாட்டோம்னு சனங்க வீட்ட விட்டுட்டு கொஞ்சம் கீழ போய் சான் ஹோசேசிட்டோன்னு புதுசா ஊர் கட்டிக்கிட்டாங்க. எனக்கெல்லாம் அந்த தைரியம் வருமான்னு தெரியல. அவங்களக் கேவலமா பேசுனதுக்கு அரசாங்கம் மன்னிப்புக் கேக்கவே 2013 ஆச்சு.

இனி என் சொந்தக் கதை. உராபால கறுப்பா மாநிறமா இருக்குற சனம் ஜாஸ்தி, அதனால பாக்குறதுக்கு நான் உள்ளூர் ஆள். செக்போஸ்ட்ல என் கூட வந்த ஜெர்மன்காரிக்கு "குட் மார்னிங்", எனக்கு "கார்டு எடு, எந்த ஊரு?". அவ தலமுடியே போதும், நான் மழையிலயும் வேர்வையிலயும் பிபிஐ பேரு போட்ட வெஸ்ட்ட (கையில்லாத மேல்சட்டை) கழட்டவே முடியாது. நாங்க துணைக்குப் போன அம்மா ஒருத்தங்க இதப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சாங்க, "மகனே அத மட்டும் கழட்டிடாத, அப்புறம் நாந்தான் உனக்குத் துணைக்கு வரணும்"னாங்க. ஜோக்குதான், ஆனா இந்த வேலையே யாரோட உசுருக்கு வெல ஜாஸ்தின்ற கணக்குல ஓடுறது, அது எனக்கு இன்னும் உறுத்துது. உறுத்துனாலும் வேல நடக்குது, அவங்களேதான் கூப்பிடுறாங்க.

~~~

அண்ணா, இந்த பிபிஐ ஆக்கள் எங்கட இலங்கைக்கும் வந்தவங்க. 1989ல, காணாமப் போனவங்களுக்காக ஆட்கொணர்வு வழக்குப் போட்ட வக்கீல்மாருக்கு மிரட்டல் வந்த நேரம். பிறகு மட்டக்களப்பிலயும் இருந்தாங்க, நான் அப்ப சின்னப் பிள்ள. பெரியம்மாட மகனப் புடிச்சிட்டுப் போன நேரம் சைக்கிள்ல ஒரு வெள்ளக்காரர் பெரியம்மாவோட ஆமி கேம்ப் வாசல் வரைக்கும் போய் வெயிலுக்குள்ள நிண்டவர். உள்ளுக்குப் போனதும் கதைச்சதும் பெரியம்மாதான். பெரியம்மாட மகன் வீட்ட வந்திட்டார், அது இவராலயா எண்டு யாருக்குத் தெரியும். 1998ல எழுதுற ரிப்போர்ட்ட முதல்ல எங்களுக்குக் காட்டு எண்டு அரசாங்கம் நிண்டது, அவங்க மாட்டம் எண்டு போயிட்டாங்க. அது சரிதான், ஆனா எங்கட சனம் அதே கேம்ப் வாசலுக்கு பிறகு தனியத்தான் போனது.

~~~

இந்தியன் பாஸ்போர்ட்டுக்கு அங்க மதிப்பு இருக்கா ப்ரோ? வீட்ல எப்படி ஒத்துக்கிட்டாங்க?

~~~

தங்கச்சி, அந்த கடைசி வரிக்கு என்கிட்ட பதில் இல்லம்மா.

தம்பி, பாஸ்போர்ட்ட விட நீ வந்த அமைப்போட பேருக்குதான் மதிப்பு, பின்னாடி பல நாட்டு எம்.பி.ங்க, தூதரகங்க தொடர்பு இருக்குறதால. ஆனா அதையும் ரொம்ப நம்பிடாத, 2016ல அரசாங்கமும் ஃபார்க் கெரில்லாவும் சமாதான ஒப்பந்தம் போட்டும் 2024 மார்ச்ல அதே கம்யூனிட்டில ஒரு பொண்ணையும் ஒரு சின்னப் பையனையும் கொன்னுட்டாங்க. வீட்ல கொலம்பியான்னதும் போதைப்பொருளான்னுதான் கேட்டாங்க, அப்பா ரொம்ப நாள் பேசல. ஸ்பானிஷ் இப்பவே ஆரம்பி, அங்க சேறு முழங்கால் வரைக்கும் வரும், ரப்பர் பூட்ஸ் அபர்த்தாதோ மார்க்கெட்லயே கெடைக்கும், இங்க இருந்து தூக்கிட்டுப் போகாத.