குளிர் அதிர்ச்சியா, குளிர்த்திணறலா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

குளிர்ந்த தண்ணீரில் திடீரென விழுந்தவர் உடம்பில் நடக்கும் 'கோல்டு ஷாக்' என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டு இந்த இழையைத் தொடங்கியவன் நான். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. பெரும்பாலோர் 'குளிர் அதிர்ச்சி' என்றே சொல்லியிருக்கிறீர்கள். அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நாங்கள் கோத்தகிரிக்காரர்கள். மே மாத விடுமுறையில் குடும்பத்தோடு இமாசலப் பிரதேசத்துக் குலு போய், பியாஸ் ஆற்றில் பிர்டியிலிருந்து ஜிரி வரை சுமார் 14 கி.மீ. ராஃப்டிங் (காற்றடைத்த ராஃப்ட் என்ற மிதவையில் ஆற்றோடு போவது) போவதாகத் திட்டம். நான், மனைவி, பிளஸ் ஒன்னும் பிளஸ் டூவும் படிக்கும் பிள்ளைகள், மச்சான், அம்மா. ரோஹ்தாங் பக்கத்துப் பனியும் பனிப்பாறைகளும் உருகி வரும் ஆறு அது. மே மாதம் மேலே வெயில் அடிக்கும், தண்ணீரோ அப்போதுதான் உருகி வந்திருக்கும். அங்கே வழிகாட்டிகள் ஹிந்தியில் சொல்வது அம்மாவுக்குப் புரியாது. அதனால் வீட்டிலேயே எல்லோரும் படித்துவிட ஒரு பக்கத் தமிழ்த் தாள் தயாரிக்கிறேன். சொற்கள் அதற்குத்தான்.

ராஃப்ட்டுக்குப் 'புணை' என்பதில் எனக்கு முழுச் சம்மதம். கல்லில் மோதி இரையும் பேராற்றில் நீரின் வழியே போகும் புணையைப் புறநானூற்றின் 192ஆம் பாட்டே காட்டிவிட்டது. அந்தப் புணை நீர் இழுத்த பக்கம் போவது, நாமோ துடுப்பால் திருப்புகிறோமே என்று ஒருவர் கேட்டிருந்தார். புணை என்பது மிதக்கும் பொருளின் பெயர், அது போகும் விதத்தின் பெயர் அல்ல. அதனால் தடையில்லை. 'பரிசல்' பொருந்தாது. தெங்குமரஹாடா போக மாயாற்றைக் கடக்கும் பரிசல் வட்டமானது, ஒருவர் துடுப்புப் போட்டாலே நகரும். நுரைத்துப் பாயும் ஆற்றுநீரை ஆங்கிலத்தில் 'ஒயிட் வாட்டர்' என்பார்கள். அதற்கு 'வெண்ணீர்' மட்டும் வேண்டவே வேண்டாம். வாய்விட்டுப் படித்தால் 'வெந்நீர்' என்றே காதில் விழுகிறது. 'நுரைநீர்' போதும்.

இனி குளிர் விஷயம். தாளின் முதல் வரைவில் நானும் 'குளிர் அதிர்ச்சி' என்றுதான் எழுதினேன். அம்மா படித்துவிட்டு, "எனக்கு என்னடா அதிர்ச்சி? நான் எதுக்கும் பயப்பட மாட்டேன்" என்றார். மச்சான், "ஊட்டி உறைபனியையே பார்த்தவங்க நாம" என்றார். இரண்டு பேரையும் அந்தச் சொல் தவறான பக்கம் திருப்பிவிட்டது. அதிர்ச்சி என்றதும் நம் மனசில் வருவது பயம், இல்லாவிட்டால் கெட்ட செய்தி. தைரியசாலிக்கு இது வராது என்று நினைத்துக்கொள்கிறோம்.

உண்மையில் நடப்பது உடம்பின் வேலை. 15 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீரில் திடீரென விழுந்தால் தோல் சட்டென்று குளிர்ந்து, நம்மைக் கேட்காமலே மூச்சு ஒரே இழுப்பாக உள்ளே போகிறது. அப்புறம் அடக்க முடியாதபடி மூச்சு இரைக்கிறது. இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுகின்றன. முதல் இழுப்பின்போது தலை தண்ணீருக்குள் இருந்தால் நெஞ்சுக்குள் தண்ணீர் போய்விடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் மூழ்குவது இப்படித்தான். கரையில் ஒரு நிமிடம் மூச்சடக்குபவரால்கூட அப்போது சில விநாடிகள்தான் முடியும். மச்சான் சொன்ன உறைபனிப் பழக்கமும் உதவாது. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்திக்கொண்டு போகும். தலைக்குந்தாவில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும் ஜனவரிக் காலையில் ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டு நிற்பது வேறு, குளிர்ந்த தண்ணீருக்குள் முழு உடம்போடு விழுவது வேறு.

எனக்குப் பத்து வயதில் இது நடந்திருக்கிறது. அதுவும் ஒரு ஜனவரிதான். தேயிலைத் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஓடி, பாசி வழுக்கி உள்ளே விழுந்தேன். இடுப்பளவுத் தண்ணீர், உடனே எழுந்து நின்றுவிட்டேன். ஆனால் கத்த முடியவில்லை. 'அம்மா' என்று வாயைத் திறந்தால் மூச்சு மேலும் மேலும் உள்ளே போகிறதே தவிர வெளியே வரவில்லை. பயம்கூட அப்புறம்தான் வந்தது. என்னைத் தூக்கி வீட்டில் விட்ட தோட்டத் தொழிலாளி அம்மாவிடம், "புள்ளைக்குப் பச்சத்தண்ணியில மூச்சு திணறிப்போச்சு" என்றார். நான் கேட்ட சொல் அவர் வாயில் அன்றைக்கே இருந்திருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை: குளிர்த்திணறல்.

மூச்சுத்திணறல் என்றால் ஆஸ்துமா, இதயநோய் என்று எடுத்துக்கொள்வார்களே என்று நம் குழுமத்து மருத்துவர் தயங்குகிறார். அந்த நெருக்கம் நல்லதென்றே நினைக்கிறேன். கேட்டவுடன் ஆபத்து மூச்சில்தான் என்று புரிந்துவிடுகிறதே. 'குளிர்மூச்சு' என்ற யோசனை, நம் ஊரில் விடிகாலையில் வாயிலிருந்து வரும் புகையைத்தான் நினைவூட்டுகிறது. 'தண்திணறல்' அழகுதான், ஆனால் தண்மை இதமான குளிர்ச்சிக்குரிய சொல்.

நடுவில் 'த்' எதற்கு என்று கேட்டவருக்கு: குளிர்பானம், குளிர்காலம் இரண்டும் வினைத்தொகை, அங்கே ஒற்று மிகாது. இங்கே திணறல் குளிரவில்லை. குளிரால் வரும் திணறல், மூன்றாம் வேற்றுமைத் தொகை. ஒற்று மிகத்தான் வேண்டும்.

இந்தச் சொல் தனியாக நிற்கப்போவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய 1-10-1 என்றொரு கணக்கு உண்டு. மிகக் குளிர்ந்த தண்ணீரில் விழுந்தவருக்கு மூச்சை வசப்படுத்த 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம் வரை, உடல் வெப்பம் இறங்கி நினைவு தப்ப 1 மணி நேரம். குளிர் என்றதும் எல்லோரும் கடைசியில் உள்ள 1 மணி நேரத்தையே நினைக்கிறார்கள். லைஃப் ஜாக்கெட் முதலில் காப்பாற்றுவதோ அந்த முதல் நிமிடத்தில்.

தாளில் இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்: "ஆற்றில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் குளிர்த்திணறல் இருக்கும், அது அடங்கிவிடும். அதுவரை நீந்த வேண்டாம். மல்லாந்து, கால்களை நீர் போகும் திசையில் நீட்டி, பாதங்களை மேலே வைத்துக்கொள். லைஃப் ஜாக்கெட் உன்னைத் தாங்கும். எழுந்து நிற்க முயலாதே, கால் பாறை இடுக்கில் சிக்கிக்கொள்ளும்."

நேற்று இதை அம்மாவிடம் கொடுத்தேன். அவர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர். இரண்டு முறை படித்துவிட்டு, "அப்போ நான் ஜிரியில கரையில உட்கார்ந்திருக்கேன், நீங்க வாங்க" என்றார். புணையில் ஏற வேண்டாம் என்று நான் அதுவரை எத்தனையோ முறை சொல்லியும் கேட்காதவர்.

நடுவில் உள்ள 10 நிமிடத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். எங்கள் பக்கம் 'கை மரத்துப்போச்சு' என்கிறோம், அதை வைத்துக் 'குளிர்மரப்பு' எனலாமா? ஏப்ரல் கடைசியில் தாளை அச்சடிக்கிறேன், அதற்குள் எழுதுங்கள்.